ஏலக்காய் மணக்காத நாள்கள்

எப்சிபா முதல் தடவை வாசலில் வந்து நின்றபோது, இவளை மாமியார்தான் வேவு பார்க்க அனுப்பியிருக்கிறாள் என்று சொர்ணலதா முடிவே கட்டிவிட்டாள். தோளில் துணிப்பை, கையில் அட்டை, அட்டையில் ஒரு கத்தைக் காகிதம், முகத்தில் சிரிப்பு. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிற ஆளைப் போடியில் யார் நம்புவார்கள்? ரேஷன் கார்டில் பெயரை அடிக்க வந்தவனும் இப்படித்தான் சிரித்தான்.

"மதுரையில ஒரு காலேஜ்ல இருந்து வர்றேங்கக்கா. எனக்கு ஊரு தேனிதான். புருசன் பொண்டாட்டி சண்டை, குடிப்பழக்கம், இது ரெண்டையும் பத்தி ஒரு ஆராய்ச்சி. சைக்காலஜி."

"எங்க வீட்டுல பைத்தியம் யாரும் இல்ல டீச்சர்."

"பைத்தியத்துக்கு இல்லக்கா. நல்லா இருக்கவுகளுக்குத்தான். உங்க பேரு எங்கயும் வராது. நம்பர் மட்டும்தான். உங்க வீட்டுக்கு நாப்பத்தொண்ணு."

பெயருக்குப் பதில் நம்பர் கொடுக்கிற இடம் சொர்ணலதாவுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் உண்டு, ஜெயில். அவளுக்குச் சந்தேகம் இன்னும் ஒரு முழம் நீண்டது. போதாக்குறைக்கு, புருசன் கர்ணனிடமும் அவன் வேலை பார்க்கிற கடையில் வைத்துத் தனியாகக் கேட்பார்களாம், பழக்கவழக்கம் பற்றி. அவன் சொன்னதை இவளிடம் சொல்ல மாட்டார்களாம், இவள் சொன்னதை அவனிடம் சொல்ல மாட்டார்களாம். அப்படியொரு வாய் தேனி ஜில்லாவில் யாருக்கு இருக்கிறது?

அன்றைக்கே அவளைத் துரத்தியிருப்பாள். ஒரு சின்ன விஷயம் தடுத்தது. எப்சிபா அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டாள். சொர்ணலதாவுக்கு இடது காது கேட்காது. நாலு வருஷத்துக்கு முன்னால் விழுந்த ஒரு அறையில் ஜவ்வு கிழிந்து, சீழ் வைத்து, ஒரேயடியாகச் செத்துப்போன காது. அவள் பதில் சொல்லாததைப் பார்த்த எப்சிபா, ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. எழுந்து வந்து வலப்பக்கம் உட்கார்ந்து அதே கேள்வியை மறுபடி கேட்டாள். இந்த நாலு வருஷத்தில் புகுந்த வீட்டிலும் சரி, பிறந்த வீட்டிலும் சரி, யாரும் அதைச் செய்ததில்லை. கத்துவார்கள், இல்லையென்றால் "செவிடு" என்று சிரிப்பார்கள். சொர்ணலதாவுக்கு மூக்கு விடைத்தது, கண் கலங்கியது. பேசிவிட்டாள்.

"அடிப்பாக டீச்சர். ஆனா குடிச்சாத்தான். குடிக்கலன்னா தங்கமான மனுசன். ஒரு வார்த்தை அதட்டிப் பேச மாட்டாக."

"குடிக்காம அடிச்சது உண்டாக்கா?"

"ஒரு நாளும் இல்ல."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அடிக்கிறது சாராயம், என் புருசன் இல்லை என்பதுதான் பதினோரு வருஷமாக அவளைத் தாங்கி நிறுத்திய ஒரே கழி. மாமியார் சண்முகத்தாயும் ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்வாள். "குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சும்பாக. நீ ஏண்டி மனசுல வச்சுக்கிட்டிருக்க?" பேச்சு விடிந்தால் போகும்தான். காது போனால் விடிந்தும் வராது. அதை மாமியாரிடம் யார் சொல்வது? தேனியில் பார்த்த டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார், வலது காதில் அதே மாதிரி ஒன்று விழுந்தால் முழுச் செவிடுதான் என்று. அதனால் குடிக்கிற நாள் எது என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும், வலது காதைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்பதே அவளுடைய வாழ்க்கைத் திட்டமாக இருந்தது.

எப்சிபா கேட்டது ஒரு காரியம்தான். இரண்டு மாதத்துக்கு, அவன் குடித்த நாள் எது, அடித்த நாள் எது என்று நினைவில் வைக்க வேண்டும். வீட்டில் எதையும் எழுதி வைக்க வேண்டாம், ஆபத்து என்றாள். எழுதாமல் எப்படி நினைவு வைப்பது? சொர்ணலதா ஒரு வழி கண்டுபிடித்தாள். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் காலையில் கிழிக்கிற தாளை அவள் அடுப்பு பற்றவைக்கத்தான் போடுவாள். இனி அதை உளுந்து டப்பாவில் போட்டாள். குடித்த நாளென்றால் தாளில் ஒரு மடிப்பு. அடித்த நாளென்றால் மூலையில் ஒரு கிழிசல். பார்க்கிறவனுக்கு அது வெறும் குப்பை.

மாசியும் பங்குனியும் டப்பாவுக்குள் போயின. எப்சிபா மறுபடி வந்தபோது சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கர்ணன் கடைக்குப் போயிருந்தான். ஏலக்காய்க் கடையில் அவன் சல்லடை பிடிக்கிறவன். எட்டு மில்லிமீட்டர் பருமன் காய் தனி, ஏழு மில்லிமீட்டர்க் காய் தனி. சொர்ணலதா வேறொரு வியாபாரியின் கோடவுனில் காய் பொறுக்குகிறவள். பச்சை ஒரு குவியல், வெளுத்தது ஒரு குவியல், வெடித்தது ஒரு குவியல். பதினோரு வருஷம் அதையே செய்த கை. எப்சிபா தாள்களைத் தரையில் கொட்டச் சொன்னதும், கை தானாகவே பிரிக்க ஆரம்பித்தது.

"குடிச்சிருக்காருன்னு எப்படித் தெரியும்க்கா?"

"வாடைதான்."

"என்ன வாடை?"

சொர்ணலதாவுக்குச் சிரிப்பு வந்தது. தேனிக்காரிக்கு என்ன தெரியும்! போடியில் ஒரு ஆம்பளையின் வாய் சாயங்காலம் ஏலக்காய் மணந்தால் ஒன்று அவன் வியாபாரி, இல்லை குடித்தவன். ஒயின்ஷாப்பிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் இரண்டு காயைக் கடித்து மென்று வாடையை மறைப்பது இந்த ஊரில் கல்யாணமான அத்தனை பேருக்கும் தெரிந்த வித்தை. கடையில் வேலை பார்க்கிறவனுக்குச் சட்டைப் பையிலேயே காய் கிடக்கும்.

"சில நாளு ஏலக்காய் வாடை. சில நாளு பச்சையா பிராந்தி வாடை, சட்டையெல்லாம் நாறும்."

"அதையும் பிரிச்சுப் போடுங்கக்கா."

பிரித்தாள். மடித்த தாள் மொத்தம் பதினாலு. ஏலக்காய் மணந்த நாள் ஒன்பது. பிராந்தி நாறிய நாள் ஐந்து. மூலை கிழிந்த தாளும் ஐந்து. அந்த ஐந்தும் பிராந்திக் குவியலில் கிடந்தன. ஏலக்காய்க் குவியலில் ஒரு கிழிசல்கூட இல்லை.

"ஏலக்காய் வாடை அடிச்ச அன்னிக்கு என்ன செய்வாரு?"

"என்ன செய்வாக, ரெண்டு தோசையைத் தின்னுட்டுப் பேசாமப் படுத்துருவாக."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். கை அந்தரத்தில் நின்றது. காட்டிலிருந்து வருகிற மூட்டையில் பச்சையும் வெளுப்பும் வெடிப்பும் கலந்துதான் வரும். ஒரு மூட்டையை அவிழ்த்ததும் எல்லாம் ஒரே தரமாக இருந்தால் கோடவுன் பெண்கள் சந்தோஷப்பட மாட்டார்கள். யாரோ இதற்கு முன்பே கை வைத்திருக்கிறான் என்றுதான் சந்தேகப்படுவார்கள். தரையில் கிடந்த இரண்டு குவியலும் அப்படித்தான் கிடந்தன. கலப்பே இல்லை. இவள் பிரித்ததாகத் தோன்றவில்லை, யாரோ பிரித்து வைத்ததை இவள் எடுத்து அடுக்கியது மாதிரி இருந்தது.

நிமிர்ந்து எப்சிபாவைப் பார்த்தாள். எப்சிபாவின் பேனா அவளுடைய காகிதத்தில், கிழிசல் விழுந்த ஒரு நாளின் தேதிக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

"ஏ புள்ள, உனக்கு ஏதோ தெரியுது. அவுக கடையில உங்கிட்ட என்ன சொன்னாக?"

"நான் சொல்லக் கூடாதுக்கா. உங்களுக்குக் குடுத்த அதே வாக்கைத்தான் அவருக்கும் குடுத்திருக்கேன்."

எப்சிபாவின் முகம் வெளுத்திருந்தது. ஒரு சின்னத் தாளில் போன் நம்பர் எழுதி, ஆபத்து என்றால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனாள். சொல்ல மாட்டேன் என்கிற வாயை விட அந்த நம்பர் அதிகம் சொல்லிவிட்டது என்று சொர்ணலதா நினைத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வீட்டில் ஒவ்வொரு பொருள் மேலும் சந்தேகம். முதலில் தன் மூக்கையே சந்தேகப்பட்டாள். பிறகு தலையணையை மோந்து பார்த்தாள். ஏலக்காய் நாளின் மறுநாள் காலையில் தலையணை உறையில் புளித்த வாடை குடலைப் பிடுங்கும். பிராந்தி நாளின் மறுநாள் உறையில் தேங்காய் எண்ணெய் வாடை மட்டும் இருந்தது. சட்டைதான் நாறியது, அதுவும் முன்பக்கம், மார்பில். குடித்தவனுக்கு வாயிலிருந்து வாடை வரும். இதென்ன, பொத்தானிலிருந்து வருகிறது?

ஒரு பகலில் பரண் மேல் ஏறினாள். பழைய சல்லடைக்குப் பின்னால் துணியில் சுற்றிய ஒரு குவார்ட்டர் பாட்டில். முக்கால்வாசி பிராந்தி இருந்தது. சாந்துப் பொட்டைத் தொட்டு, பிராந்தி நிற்கிற மட்டத்தில் கண்ணாடி மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டு இறங்கினாள். பத்து நாள் தினமும் ஏறிப் பார்த்தாள். அதற்குள் கர்ணன் இரண்டு சாயங்காலம் ஏலக்காய் மணக்க வந்து படுத்தான். பாட்டில் அசையவில்லை. குடிக்கிறவன் வீட்டில் பாட்டில் பத்து நாள் அசையாமல் இருக்குமா? பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தாலும் வைக்கலாம்.

எப்சிபாவிடம் 'ஒரு நாளும் இல்ல' என்றபோது நினைவுக்கே வராத ஒன்று, கல்யாணமான புதிதில் நடந்தது, அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல் தடவை அவன் கை நீட்டியபோது ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. வடுகபட்டியிலிருந்து அண்ணன் தங்கபாண்டி நாலு பேரோடு வந்து, தெரு கூடி, கர்ணனைக் கை கட்டி நிற்க வைத்து, "இனிமே தொட மாட்டேன்" என்று சொல்ல வைத்தார்கள். இரண்டாம் தடவை அவன் நிஜமாகவே குடித்திருந்தான். அப்போதும் அண்ணன் வந்தான். ஆனால் சண்முகத்தாய் வாசலிலேயே மறித்து, "போதையில செஞ்சுட்டான், அவனுக்கே ஞாபகம் இல்ல" என்றாள். எல்லாரும் "ச்ச்" கொட்டினார்கள். சொர்ணலதாவுக்குத்தான் புத்தி சொன்னார்கள், பார்த்துப் பதமாக நடந்துக்க ஆத்தா என்று. கர்ணன் மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவன் அழுகிறான் என்று இவள் நினைத்தாள். படுபாவி, பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்!

இருந்தாலும் நிச்சயம் வரவில்லை. பதினோரு வருஷம் நம்பியதை ஒரு பாட்டிலை வைத்து விட்டுவிட முடியுமா? சந்தேகம் தப்பாக இருக்க வேண்டும் என்றே வேண்டிக்கொண்டாள். தங்கமான மனுசன் ஒருத்தன் எங்காவது இருந்தாக வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை கோடவுனில் மூட்டை இறங்கத் தாமதமாகி, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு வந்தாள். அவன் முன்னாலேயே வந்திருந்தான். சட்டையில் பிராந்தி நாறியது. அவளுடைய கண் முதல் முறையாக அவன் முகத்தை விட்டு மற்றதைப் பார்த்தது. வாசலில் அவன் செருப்பு இரண்டும் ஜோடியாக, நேராக இருந்தன.

"யாரோட நடந்து வந்த?" என்றான் மெதுவாக.

"மூட்டை லேட்டு. பொம்பளையாளுக ஆறு பேரு சேந்துதான் வந்தோம்."

அவன் இடது கையிலிருந்த வாட்சைக் கழற்றினான். வாரை மடக்கி, அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பியபோது நாக்குக் குழறியது, கால் தள்ளாடியது. எந்தக் குடிகாரன் வாட்சைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு அடிக்க வருவான்? ஒவ்வொரு தடவையும் இவன் இதைத்தான் செய்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் இவள் பார்த்திருக்கிறாள், பார்த்தும் பார்க்கவில்லை. அவன் குனிந்தபோது அவன் வாயிலிருந்து சாம்பார் வாடையும் பீடி வாடையும் வந்தன, வேறொன்றும் இல்லை. கை வலது காதை நோக்கித்தான் வந்தது. அவள் குறுக்கே தன் கையை வைத்தாள். மணிக்கட்டு முறிந்தது. காது தப்பியது.

மறுநாள் காலை வலியோடு ஸ்டூல் போட்டுப் பரணைப் பார்த்தாள். சாந்துப் பொட்டுக்குக் கீழே ஒரு மூடி அளவு குறைந்திருந்தது.

மாவுக்கட்டோடு வடுகபட்டிக்குப் போனாள். அண்ணனிடம் பாட்டில், தலையணை, வாட்ச் எல்லாம் சொன்னாள். தங்கபாண்டி நல்லவன், ஆனால் ஊரார் வாய்க்குப் பயந்தவன். "நீ ரொம்ப யோசிக்கிற ஆத்தா. குடிதான் எல்லாத்துக்கும் காரணம். அதை நிறுத்திட்டா முடிஞ்சுபோச்சு" என்றான். பத்தே நாளில் சண்முகத்தாய் பூவும் பழமுமாக வந்து இறங்கினாள். உத்தமபாளையம் தாண்டி வயலுக்கு நடுவே இருக்கிற கருப்பசாமி கோயிலில் குடியை நிறுத்தக் கயிறு கட்டுவார்கள். கட்டியவன் மறுபடி தொட மாட்டான். வைகாசி முதல் ஞாயிறு அங்கே மகனுக்குக் கயிறு கட்டி, அங்கிருந்தே மருமகளைப் போடிக்குக் கூட்டிப் போவது என்று ஏற்பாடு.

"சாமானியப்பட்ட சாமி இல்ல தங்கபாண்டி," என்றாள் சண்முகத்தாய் பெருமையாக. "எங்க கொழுந்தனாரு வரப்புத் தகராறுல அங்கன சூடத்தை அடிச்சுப் பொய்ச்சத்தியம் பண்ணாரு. அடுத்த ஆடிக்குள்ள வாய் கோணிப்போச்சு. டாக்டர் என்னமோ பக்கவாதம்னாரு. டாக்டருக்கு என்ன தெரியும்? எம்மகன் அதைக் கண்ணால பாத்தவன். இன்னைக்கும் பஸ்ஸு அந்தப் பக்கம் போனா, தூங்கிக்கிட்டு இருந்தாலும் முழிச்சுக் கும்பிடுவான்."

சொர்ணலதா அடுப்படியிலிருந்து வலது காதால் அதைக் கேட்டாள். கேட்டு வைத்துக்கொண்டாள். கயிறு கட்டிவிட்டால் தன் கதை முடிந்தது என்று அவளுக்குப் புரிந்திருந்தது. அதற்கப்புறம் அடி விழுந்தால், கயிறு கட்டின மனுசன் சும்மா அடிப்பானா, நீ என்ன செஞ்ச என்றுதான் கேட்பார்கள். அவளிடம் மிச்சமிருந்தது ஒரு காது.

ஞாயிறு கோயிலில் கூட்டம். குடியை நிறுத்த வந்த புருசன்மார் நாற்பது பேர், பின்னால் அவரவர் பெண்டாட்டிமார். பூசாரி அய்யாத்துரை தாம்பாளத்தில் கறுப்புக் கயிற்றோடு வரிசையாக வந்தார். கர்ணன் குளித்து வேட்டி கட்டி, திருநீறு பூசி, பால் வடியும் முகத்தோடு நின்றான். பூசாரி தரையில் சூடத்தை ஏற்றினார். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தபின் கயிறு.

"இனிமே தொட மாட்டேன்னு சொல்லி அடிப்பா."

"பூசாரியய்யா," என்றாள் சொர்ணலதா. "அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும். சித்திரையில ஒரு வெள்ளிக்கிழமை இந்தக் கையை ஒடிச்சாக. அன்னைக்குக் குடிச்சிருந்தேன்னு மட்டும் சூடத்தை அடிச்சுச் சொல்லச் சொல்லுங்க. சொல்லிட்டா இப்பவே பின்னால நடந்துர்றேன்."

"இது ஒரு கேள்வியா?" என்றாள் சண்முகத்தாய். "குடிக்காமயா கயிறு கட்ட வந்திருக்கோம்? சொல்லுடா."

கர்ணன் சூடத்தைப் பார்த்தான். கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. அவன் கண் சூடத்திலிருந்து கருப்பசாமியின் அரிவாளுக்கும், அங்கிருந்து அம்மாவின் முகத்துக்கும் போய் வந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டான். வாய் ஏற்கெனவே கோண ஆரம்பித்துவிட்டதோ என்று பயந்தவன் மாதிரி, இன்னொரு கையால் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"குடிச்சேன்னு சொல்லித் தொலையேண்டா!" என்று அலறினாள் சண்முகத்தாய். பெற்ற மகன் குடித்தேன் என்று சொல்ல வேண்டுமென்று ஒரு தாய் கோயிலில் கெஞ்சியது அந்த வட்டாரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சூடம் தானாக எரிந்து அணைந்தது. கர்ணன் கையைக் கீழே போட்டான்.

சண்முகத்தாய்தான் முதலில் தேறினாள். "சரி, குடிக்கலைன்னா நல்லதாத்தானே போச்சு? குடியே இல்லாத மனுசன். கிளம்பு ஆத்தா, வீட்டுக்குப் போவோம்."

"குடிச்சவுகளா இருந்தா வந்திருப்பேன் அத்தை," என்றாள் சொர்ணலதா. "குடிச்சவுகன்னு நம்பித்தானே பதினோரு வருசம் இருந்தேன்."

பூசாரி தாம்பாளத்திலிருந்து எடுத்த கயிற்றைக் கர்ணனைப் பார்த்தபடியே திரும்பத் தாம்பாளத்தில் போட்டார். "குடிக்குத்தான்ப்பா எங்கிட்டக் கயிறு இருக்கு. கைக்குக் கயிறு இல்ல." அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

தேனிக்குப் போகிற பஸ்ஸில் சொர்ணலதா சன்னல் ஓரம் உட்கார்ந்தாள். தங்கபாண்டி அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தான். சின்னமனூர் தாண்டியதும் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி என்னவோ சொன்னான். அவள் வெளியே தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. கோபம் என்று நினைத்து அவன் மறுபடி சொன்னான். அப்போதும் திரும்பவில்லை. பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தங்கச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று நாலு வருஷமாக ஊரில் சொல்லிச் சிரித்தவன் அவன். முகம் சுருங்கிப்போனது.

எழுந்து நின்று, அவள் தோளைத் தொட்டு, இந்தப் பக்கம் நகரச் சொன்னான். அவள் முழங்காலைத் தாண்டிச் சன்னல் ஓரம் போய், அவளுடைய வலப்பக்கம் உட்கார்ந்தான். கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டு வந்தார். தங்கபாண்டி வடுகபட்டிக்கு எந்தப் பஸ்ஸில் மாற வேண்டும் என்று விசாரித்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினான்.

"இனிமே நீ அங்கன போக வேண்டாம்," என்றான். "கேக்குதா ஆத்தா?"

கேட்டது. அவள் தலையாட்டினாள்.